சிரிப்பு வந்தால் சிரிக்கமாட்டேனா

அடுத்த சித்திரைத் திருவிழாவுக்குள் மேடையில் என் நாற்காலியில் ஒரு பெட்டியை உட்காரவைத்து, அதற்குப் பொன்னாடை போர்த்தி, குடிக்க ஒரு சோடாவும் உடைத்து வைத்துவிடுவார்கள் என்று நான் முழுமனதாக நம்பினேன். சும்மா இல்லை, சோறு இறங்காத அளவுக்கு நம்பினேன். சோறு இறங்கவில்லை என்பது கொஞ்சம் மிகை. இறங்கியது. ரசம்தான் இரண்டாம் தடவை கேட்கவில்லை.

நான் பட்டிமன்றப் பேச்சாளன். மேற்கே கல்லணை, கிழக்கே கீழ்வேளூர், இதற்கு நடுவில் எந்த ஊரில் மைக் கட்டினாலும் மேடையின் ஓரத்தில் ஜிப்பா போட்டுக்கொண்டு ஒருவன் உட்கார்ந்திருப்பான். அது பெரும்பாலும் நான்தான். கோயில் திருவிழா, காணும் பொங்கல், பள்ளிக்கூட ஆண்டுவிழா எல்லாவற்றுக்கும் போவேன். மாமியாருக்காகப் பேசச் சொன்னால் மாமியாருக்காகப் பேசுவேன். மறுநாள் பக்கத்து ஊரில் மருமகளுக்காகக் கண்ணீர் விடுவேன். இருபது வருஷத்துக்கு மேலாக இதுதான் பிழைப்பு. வேறொன்றும் தெரியாது.

அந்தச் சமயத்தில்தான் எழுதும் இயந்திரம், அதாவது செயற்கை நுண்ணறிவு, எல்லாருடைய போனிலும் வந்து உட்கார்ந்தது. என் மச்சினன் வீட்டுக்கு வந்தவன், "அத்தான், இதப் பாருங்க" என்று சொல்லி, மாமியார் மருமகள் பற்றி நகைச்சுவையாகப் பேச ஒரு உரை வேண்டும் என்று அதனிடம் கேட்டான். நான் டீயை எடுத்து ஒரு வாய் குடிப்பதற்குள் அது பக்கம் பக்கமாகக் கொட்டியது. மேற்கோள், சிலேடை, முடிவில் ஒரு வாழ்த்து, எல்லாம் இருந்தன. எனக்கு அந்த மாதிரி ஒரு உரை தயார் செய்ய ஒரு வாரமும் இரண்டு பாக்கெட் வெற்றிலைச் சீவலும் ஆகும்.

அன்றிலிருந்து நான் செய்த காரியங்களைச் சொன்னால் நீங்கள் என்னை மதிக்கமாட்டீர்கள். பரவாயில்லை, சொல்லிவிடுகிறேன். முதலில் அந்த இயந்திரத்தோடு மரியாதையாகப் பேச ஆரம்பித்தேன். "ஐயா, சிரமம் பார்க்காமல்" என்று தொடங்கி, "தொந்தரவுக்கு மன்னிக்கவும்" என்று முடிப்பேன். நாளைக்கு ஆட்சி அதன் கைக்குப் போனால் நம்மை ஞாபகம் வைத்துக்கொள்ளட்டுமே என்ற எண்ணம். அடுத்து, தஞ்சாவூர் பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு பஜ்ஜிக் கடை போட இடம் கிடைக்குமா என்று விசாரித்தேன். வெள்ளோட்டமாக வீட்டில் வாழைக்காய் பஜ்ஜி போட்டேன். என் மனைவி ஒன்றைக் கடித்துப் பார்த்துவிட்டு, மீதியைத் தட்டில் வைத்து, "நீங்க மேடையிலயே இருங்க" என்றாள்.

போனைத் திறந்தால் ஒருவர் கையை ஆட்டி, ஆறே மாதத்தில் எவனுக்கும் வேலை இருக்காது என்பார். அவரைத் தள்ளிவிட்டால் இன்னொருவர் வந்து, இதெல்லாம் ஊதின பலூன், ஆறே மாதத்தில் வெடித்துவிடும் என்பார். காலையில் முதல் ஆளைப் பார்த்து நடுங்குவேன். சாயங்காலம் இரண்டாவது ஆளைப் பார்த்துத் தெம்பாகி, கொஞ்சம் கூடுதலாகச் சாப்பிடுவேன்.

ஆனால் அந்தக் கலவரத்திலும் இயந்திரத்தைவிட அதிகமாக என் நினைப்பில் வந்துகொண்டிருந்தது ஒரு மனுஷிதான். அவர் பெயர் எனக்குத் தெரியும். எழுதமாட்டேன். எழுதினால், "என்னக் கேட்டீங்களா?" என்பார்.

திருக்காட்டுப்பள்ளி தாண்டிக் காவிரிக் கரையில் அவர் ஊர். நிலபுலன் உள்ள குடும்பம். அறுபதைத் தாண்டிய வயசு. சுற்றுவட்டாரத்தில் எங்கே பட்டிமன்றம் என்றாலும் வந்துவிடுவார். மொபெட்டை அவர்தான் ஓட்டுவார். பின்னால் அவர் வீட்டுக்காரர், ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை மார்போடு அணைத்துக்கொண்டு உட்கார்ந்து வருவார். அந்த நாற்காலி முதல் வரிசையில், சரியாக மைக்குக்கு நேர் எதிரே விழும். அதில் பட்டுப் புடவையோடு அந்தம்மா உட்காருவார். வீட்டுக்காரர் எங்காவது மணலில் உட்கார்ந்துகொள்வார்.

வீட்டுக்காரர் நல்ல மனுஷர். எதற்கும் சிரிப்பார். ரேடியோவில் சிமெண்ட் விளம்பரம் வந்தாலே சிரிக்கிறவர். அதனால் பேச்சாளர்கள் யாரும் அவர் சிரிப்பைக் கணக்கில் சேர்ப்பதில்லை.

அந்தம்மாவிடம் கதையே வேறு. மடியில் கையைக் கோத்து வைத்து, பஸ்ஸுக்குக் காத்திருக்கிற முகத்தோடு பார்த்துக்கொண்டிருப்பார். கடுகடுப்பு கிடையாது. வெறுப்பும் கிடையாது. சிரிப்பு வரவில்லை, அதனால் சிரிக்கவில்லை, அவ்வளவுதான். உலகத்தில் பாதிச் சிரிப்பு மரியாதைக்குச் சிரிப்பது. அந்தப் பாதி அவருக்கு வாய்க்கவே இல்லை.

போன வருஷச் சரக்கை எடுத்துவிட்டால், பக்கத்தில் இருக்கும் நாத்தனாரிடம் திரும்பி ரகசியமாகச் சொல்வார். நாலு வயல் தள்ளி நடவு நடுகிறவர்களைக் கூப்பிட்டுப் பழகின தொண்டை அது. அந்த ரகசியம் மைக்கில் விழும்.

"இது பூதலூர்ல சொன்னது. அங்க மச்சான், இங்க மாமா."

அவர் சிரித்தால் அதைப் பார்க்கவேண்டும். முதலில் தோள் இரண்டும் லேசாக ஆடும். பிறகு முந்தானை வாய்க்குப் போகும். அதற்குப் பிறகுதான் சத்தம் வரும். அது வந்ததும் பின்வரிசைப் பெண்கள், அவர்களைப் பார்த்து ஆண்கள், கடைசியில் பந்தல் ஓரம் ஐஸ் வண்டிக்காரர் என்று வரிசையாகப் பற்றிக்கொள்ளும். அவர் சிரித்த கூட்டத்தில் நான் என்ன சொன்னாலும் எடுபட்டிருக்கிறது. அவர் சிரிக்காத கூட்டத்தில் கைதட்டல்கூடக் கொசு அடிக்கிற மாதிரி இருக்கும்.

ஒரு தடவை கண்டியூர் பக்கம் ஒரு மேடையில் ஆடு ஏறிவிட்டது. நேராகப் போய் நடுவர் கழுத்து மாலையைத் தின்ன ஆரம்பித்தது. எங்கள் நடுவர் ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர். தலைமுடிக்குச் சாயம் பூசி, மேசையில் மணி வைத்துக்கொண்டு, கண்ணியமாக உட்காருகிறவர். ஆட்டுக்கு மணி அடித்தார். நான் மைக்கில், "தீர்ப்பே இன்னும் வரல, அதுக்குள்ள சாப்பாட்டுக்கு ஆள் வந்துட்டாங்க" என்றேன். அந்தம்மா நாற்காலியிலிருந்து சரிந்து, மணலில் இருந்த வீட்டுக்காரர் தோளைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். எனக்கு ஜென்மம் கடைத்தேறின மாதிரி இருந்தது.

அடுத்த வாரம் வேறொரு ஊரில் அதே வரியைச் சொன்னேன். அங்கே மாலை இருந்தது, நடுவர் இருந்தார், அந்தம்மாவும் இருந்தார். அவர் மேடையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்துவிட்டு, "ஆடு எங்க?" என்றார்.

இதுதான் அவர். எந்தச் சிரிப்பும் அந்த இடத்தில், அந்த நேரத்தில் பிறந்திருக்கவேண்டும். வாங்கிவந்த சிரிப்பு செல்லாது.

மேடை என்றில்லை, எல்லா இடத்திலும் அப்படித்தான். ஒரு தை மாசம் என் அண்ணனுடைய நெல்லோடு கொள்முதல் நிலையத்தில் காத்துக்கிடந்தேன். மேகம் வேறு மூட்டமாக இருந்தது. நெல்லில் ஈரம் பார்த்து எடை போடவேண்டியவர் நாற்காலியில் சாய்ந்து தன் தொப்பையைப் பற்றி ஒரு ஜோக் சொன்னார். வெறும் பதர். ஆனால் களத்தில் குவியல் குவியலாக நெல்லைக் கொட்டி வைத்திருந்த அத்தனை பேரும் விழுந்து விழுந்து சிரித்தோம். நான்தான் எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தேன். தொழில்காரன் அல்லவா. அந்தம்மா தன் குவியல் பக்கத்தில் தார்ப்பாயை மடித்துக்கொண்டு சும்மா நின்றார்.

எடை போடுகிறவருக்கு ரோஷம் வந்துவிட்டது. "என்னம்மா, நீங்கல்லாம் சிரிக்கமாட்டீங்களா?" என்றார்.

"சிரிப்பு வந்தா சிரிக்கமாட்டேனா சார்?"

நாங்களெல்லாம் மேகத்தை அண்ணாந்து பார்த்தோம். அவர் கோபத்தில் எடை போடாமல் எழுந்து போய்விட்டால் அத்தனை நெல்லும் மழையில் நனையும். ஆனால் அவர் போகவில்லை. மறுநாள் அந்தம்மாவிடம் வேறொரு ஜோக் சொல்லிப் பார்த்தார். அதற்கு மறுநாள் இன்னொன்று. அது ஒரு வைராக்கியமாகவே ஆகிவிட்டது. கடைசியில் ஒரு நாள் அலுத்துப்போய், "போங்கம்மா. எங்க வீட்டுலயும் இப்படித்தான். நான் சொன்னா யாரும் சிரிக்கறதில்ல" என்றார். அந்தம்மாவின் தோள் ஆட ஆரம்பித்தது. முந்தானை வாய்க்குப் போனது. அந்த மனுஷர் முகத்தைப் பார்க்கவேண்டுமே, அவருக்குப் பதவி உயர்வு வந்த மாதிரி இருந்தது.

இதே குணம் அவரைச் சங்கடத்திலும் மாட்டிவிட்டிருக்கிறது. அவர்கள் சொந்தத்தில் ஒரு சாவு. எல்லாரும் முகத்தைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருக்கும்போது யாரோ ஒருவர், செத்துப்போனவர் முன்பு சைடு ஸ்டாண்டை எடுக்காமலே திருவையாறு வரைக்கும் சைக்கிள் மிதித்துவிட்டு, சைக்கிளில் ஏதோ கோளாறு என்று கடைக்காரரிடம் சண்டை போட்ட கதையைச் சொன்னார். அந்தம்மா உரக்கச் சிரித்துவிட்டார். இறந்தவர் மனைவி தலை நிமிர்ந்து பார்த்தார். பார்த்தவர், அழுதுகொண்டே அவரும் சிரித்தார். ஆனாலும் பங்காளிகளில் சிலர் அந்தம்மாவோடு ரொம்ப நாள் பேசவில்லை.

எங்கள் குழுவுக்குப் புதிதாக வந்த ஒரு இளைஞனும் அவரிடம் மாட்டினான். அவன் முதல் பேச்சின் நடுவில் அந்தம்மா ஒரு கொட்டாவி விட்டார். பெரிய கொட்டாவி. அத்தோடு அவன் மேடையை விட்டு மனை விற்கப் போனான். இப்போது என்னைவிட வசதியாக இருக்கிறான். இருந்தாலும் அன்றைக்கு அவன் இறங்கிப்போன முகம் எனக்கு மறக்கவில்லை. நான் மனசுக்குள் அந்தம்மாவைத் திட்டினேன். என் வயிற்றுப் புண்ணுக்குக் காரணம் காரக்குழம்பு என்று டாக்டர் சொன்னார். முதல் வரிசை என்று எனக்குத் தெரியும்.

இப்படிப்பட்டவருடைய ஊரிலிருந்துதான் அந்தக் காணும் பொங்கலுக்கு அழைப்பு வந்தது. தலைப்பை ஊர்க் கமிட்டியே முடிவு செய்துவிட்டது: செயற்கை நுண்ணறிவு நிலைத்து நிற்குமா, பரபரப்போடு போய்விடுமா? நடுவர் எனக்குப் போன் செய்து, "நீங்க போய்விடும்னு பேசுங்க" என்றார். அது உலகத்தையே விழுங்கப்போகிறது என்று நடுங்கிக்கொண்டிருக்கிறவனிடம் இப்படி ஒரு கட்சி.

அதோடு விட்டாரா? குரலைத் தாழ்த்தி இன்னொன்றும் சொன்னார். கமிட்டியில் ஒருவர் கிளப்பிவிட்டிருக்கிறாராம்: பேச்சு எல்லாம் போனிலேயே வருகிறது, நம் ஊர்ப் பிள்ளைகள் நாலு பேர் பார்த்துப் படித்தால் போதாதா, கார் வைத்து இவர்களை எதற்குக் கூட்டிவரவேண்டும்? மற்றவர்கள் சமாதானம் பேசி இந்த ஒரு தடவை பார்ப்போம் என்று நிறுத்தி வைத்திருக்கிறார்கள். கூட்டம் ரசிக்கவில்லை என்றால் அடுத்த வருஷம் கிடையாது. அந்த ஊர் நிறுத்தினால் சுற்றியிருக்கிற ஊர்களும் ஒவ்வொன்றாக நிறுத்தும். எனக்குப் பஜ்ஜி மாவு கண் முன்னால் வந்தது.

கூட்டம் ரசிக்கவேண்டும் என்றால் அந்தம்மா சிரிக்கவேண்டும். இவ்வளவு பெரிய பொறுப்பை என் மூளையை நம்பி எப்படி விடுவது? நான் என்ன செய்தேன் என்று இந்நேரம் ஊகித்திருப்பீர்கள். இயந்திரத்திடமே போனேன். "ஐயா, தாங்கள் நிலைக்கமாட்டீர்கள் என்று ஒரு உரை வேண்டும். தவறாக நினைக்கக்கூடாது" என்று கேட்டேன். அது ஒரு கோபமும் இல்லாமல், தன்னைத்தானே வாங்கு வாங்கு என்று வாங்கி, காரணங்களை அடுக்கி எழுதிக் கொடுத்தது. படிக்கும்போது எனக்கே பாவமாக இருந்தது. தொடக்கத்தில் ஒரு நகைச்சுவையும் வைத்திருந்தது. மொட்டை மாடியில் நடந்து நடந்து முழுவதையும் மனப்பாடம் செய்தேன்.

காணும் பொங்கல் அன்று சாயங்காலம். வெயில் தணிந்து, காவிரிப் பக்கமிருந்து காற்று வந்துகொண்டிருந்தது. பந்தல் நிறையக் கூட்டம். முதல் வரிசையில் நாற்காலி போட்டாயிற்று, அரக்குப் பட்டு உட்கார்ந்தாயிற்று.

நடுவர் மணி அடித்து, தொண்டையைச் செருமி ஆரம்பித்தார். "ஒரு கணவர் செயற்கை நுண்ணறிவிடம் கேட்டாராம், கோபமாக இருக்கும் என் மனைவியைச் சமாதானப்படுத்துவது எப்படி என்று. அது சொன்னதாம், மன்னிக்கவும், இது என் திறனுக்கு அப்பாற்பட்டது என்று." கூட்டம் மிதமாகச் சிரித்தது. நான் கையிலிருந்த தாளைப் பார்த்தேன். என் உரையின் முதல் பத்தி அதுதான். கணவரும் அதே கணவர், மன்னிப்பும் அதே மன்னிப்பு.

சரி, முதல் பத்தியை விட்டுவிடலாம் என்று தேற்றிக்கொண்டேன். எதிர்க்கட்சியில், நிலைக்கும் என்று பேச வந்தவர் கும்பகோணம் பக்கத்துக் கல்லூரிப் பேராசிரியை. நல்ல பேச்சுக்காரர். எழுந்து வணக்கம் சொல்லி, புன்னகையோடு, "ஒரு கணவர்" என்றார். சொன்ன பிறகுதான் அவருக்கே உறைத்தது. கண் ஒரு தடவை நடுவர் பக்கம் ஓடியது. பாதியில் நிறுத்த முடியுமா? கணவரைக் கைப்பிடித்து மன்னிப்பு வரைக்கும் கொண்டுபோய்ச் சேர்த்தார். யாரும் சிரிக்கவில்லை. மணலில் இருந்த வீட்டுக்காரர் மட்டும் புதிதாகக் கேட்கிற மாதிரி சிரித்தார்.

அடுத்து நான். சொல்லக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு எழுந்தேன். மனப்பாடம் செய்த பேச்சு ரயில் மாதிரி. முதல் பெட்டியைக் கழற்றிவிட்டால் இரண்டாவது பெட்டி நகரமாட்டேன் என்கிறது. மைக்கைப் பிடித்தேன். வணக்கம் சொன்னேன். தலை காலியாக இருந்தது. வாய் மட்டும் தன் பாட்டுக்குத் திறந்தது.

"ஒரு கணவர்..." என்றது.

என்னால் அதை நிறுத்த முடியவில்லை. மூன்றாவது தடவையாக அந்தக் கணவர் கேட்டார், மூன்றாவது தடவையாக இயந்திரம் மன்னிப்புக் கேட்டது. வீட்டுக்காரர் மூன்றாவது தடவையும் சிரித்தார். வேறு எங்கும் சத்தமில்லை. ஐஸ் வண்டிக்காரர் மணியைக்கூடக் கையால் பொத்திவிட்டார்.

அந்தம்மா நாத்தனார் பக்கம் திரும்பவில்லை. நேராக என்னைப் பார்த்துக் கேட்டார்.

"மூணு பேருக்கும் ஒரே எடத்துலேருந்தா டிபன் வந்துச்சு?"

பந்தல் அதிர்ந்தது. அப்படி ஒரு சிரிப்பை நான் இருபது வருஷத்தில் வாங்கியதில்லை, அன்றைக்கும் வாங்கியது நான் இல்லை. நடுவர் ஒரு காரணமும் இல்லாமல் மணி அடித்தார். பேராசிரியை முகத்தைக் குறிப்புத் தாளால் மறைத்துக்கொண்டார். மேடையின் ஓரத்தில் கமிட்டிக்காரர் ஒருவர் பக்கத்திலிருந்தவரிடம் குனிந்து ஏதோ சொன்னார். அது என்னவாக இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

ஓடிவிடலாமா என்று பார்த்தேன். மேடைக்குப் பின்னால் காவிரி. நீச்சல் தெரியாது. தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன்.

"ஆமாம்மா. ஒரே எடத்துலேருந்துதான் வந்துச்சு" என்றேன்.

அதற்குப் பிறகு பேசியதெல்லாம் நான் யோசித்துப் பேசியது இல்லை. பெட்டிக்குப் பொன்னாடை போர்த்துவார்கள் என்று நம்பியதைச் சொன்னேன். ஐயா, மன்னிக்கவும் என்று போனிடம் கும்பிட்டதைச் சொன்னேன். அது நிலைக்காது என்று நிரூபிக்க அதன் காலிலேயே போய் விழுந்ததைச் சொன்னேன். பஜ்ஜிக்கு வந்தேன். என் மனைவி கடித்த பஜ்ஜியைத் தட்டில் வைத்த விதத்தைக் கையால் செய்து காட்டிக்கொண்டே முதல் வரிசையைப் பார்த்தேன். தோள் ஆடியது. முந்தானை போனது. பிறகு சத்தம் வந்தது. அது அடங்குவதற்குள் போய் உட்கார்ந்துகொண்டேன்.

பேராசிரியையும் மனுஷிதானே. பதிலுக்கு எழுந்து வந்து தன் தாளை விரித்துக் காட்டினார். காவிரிக் கரை மக்களுக்கு உருக்கமாக ஒரு முடிவுரை வேண்டும் என்று இவர் கேட்க, "உங்கள் பொன்னிறக் கோதுமை வயல்கள்" என்று இயந்திரம் எழுதிக் கொடுத்திருக்கிறது. "நல்ல வேளை, கார்ல வரும்போது ஜன்னல் வழியா பாத்தேன்" என்றார். அதற்கும் பந்தல் சிரித்தது. அதற்கு மேல் நாங்கள் இரண்டு பேரும் உண்மையாகவே வாதாடினோம். அவர் உள்ளூர அது வெறும் சலசலப்பு என்று நினைக்கிறவர், நிலைக்கும் என்றார். நான் அது உலகை விழுங்கும் என்று பயந்தவன், நிலைக்காது என்றேன். இரண்டு பேரும் அவரவர் நம்பாத கட்சிக்காகத் தொண்டை கிழியக் கத்தினோம். பட்டிமன்றம் என்றால் அதுதான்.

தீர்ப்பு நேரம் வந்ததும் நடுவர் தன் தாளைப் பார்த்தார், கூட்டத்தைப் பார்த்தார், தாளைக் கவிழ்த்து வைத்தார். தீர்ப்பும் அங்கேயிருந்துதான் வந்திருக்கவேண்டும். "முதல் வரிசையில் இருக்கும் அம்மா ஒரு வார்த்தை சொல்லட்டும்" என்று நழுவினார். மைக் கீழே போனது. அந்தம்மா எழுந்திருக்கவில்லை. உட்கார்ந்தபடியே வாங்கிக்கொண்டார்.

தன் போனிலும் அது இருக்கிறது, மகள் போட்டுக் கொடுத்தது என்றார். நெல்லில் புகையான் பூச்சி விழுந்தபோது அதனிடம் கேட்டாராம். சொன்னதில் பாதி சரியாக இருந்ததாம், மீதியை வேளாண்மை ஆபீசில் கேட்டுத் தெரிந்துகொண்டாராம். வாய்க்கால் தூர்வாரச் சொல்லி ஒரு மனு எழுதித் தரச் சொன்னாராம். அது மட்டும் பிரமாதமாக எழுதியதாம். தாசில்தார் இரண்டு தடவை படித்தாராம்.

"அது பாட்டுக்கு இருக்கும். அதப் பத்திப் போடற இந்தச் சத்தம்தான் போயிடும். நான் அத வேலைக்கு வச்சிருக்கேன். சிரிக்கறதுக்கு உங்கள கூப்புட்டோம். நீங்களும் அதுகிட்டயே போய் வாங்கிட்டு வந்தா நாங்க எங்க போறது?"

மைக்கைக் கொடுத்துவிட்டார். நடுவர் அதையே தூய தமிழில் நீட்டிச் சொல்லித் தீர்ப்பாக்கினார்.

மேடைக்குப் பின்னால் எங்களுக்குப் பொங்கலும் கொத்சும் போட்டார்கள். அந்தம்மா எங்களைத் தேடிக்கொண்டு வந்தார். பாராட்டப்போகிறார் என்று நான் கை கழுவிவிட்டு நின்றேன். "அந்த பஜ்ஜி நல்லா இருந்துச்சு. இனிமே வேற ஊர்ல சொல்லாதீங்க" என்றார். போய்விட்டார். அதை நான் இன்றுவரை வேறு எந்த மேடையிலும் சொன்னதில்லை. இங்கே எழுதுவது அதில் சேராது என்று நினைக்கிறேன்.

அதற்குப் பிறகு அந்தப் பரபரப்பு எப்போது இறங்கியது என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. கையை ஆட்டிப் பயமுறுத்தியவர் இப்போது சிறுதானியம் பற்றிக் கையை ஆட்டுகிறார். பலூன்காரர் நிலம் வாங்கலாமா கூடாதா என்று பேசுகிறார். இயந்திரம் எங்கும் போகவில்லை. என் மனைவி அதனிடம் கூட்டுக்கு அளவு கேட்கிறாள். நடுவர் கல்யாண வாழ்த்து எழுதி வாங்குகிறார். நானும் காரியம் இருந்தால் கேட்கிறேன். எனக்குத் தெரியாத ஊருக்குப் போகும்போது அந்த ஊர் பற்றிச் சொல்லச் சொல்வேன். சொன்னதை அங்கே போனதும் டீக்கடையில் ஒரு தடவை சரிபார்த்துக்கொள்வேன்.

இந்த வருஷமும் அதே ஊரில் காணும் பொங்கலுக்குக் கூப்பிட்டார்கள். தலைப்பு, நிம்மதி இருப்பது சொந்த ஊரிலா, பிழைக்கப் போன ஊரிலா. நோட்டீசை இயந்திரம்தான் எழுதியிருந்தது. ஒரு பிழை இல்லை. அந்தம்மாவும் வீட்டுக்காரரும் நிலத்தை நாத்தனார் குடும்பத்திடம் குத்தகைக்கு விட்டுவிட்டு மகளோடு ஓசூருக்குப் போயிருந்தார்கள். நாத்தனார் முதல் வரிசையில் உட்கார்ந்து, வீடியோ காலில் அவரைக் கூப்பிட்டு, போனை மேடைப் பக்கம் திருப்பிப் பிடித்திருந்தார். நான் பிழைக்கப் போன ஊருக்காகப் பேசினேன். அந்தம்மா ஒரே ஒரு தடவை சிரித்தார். நான் தயார் செய்து வைத்திருந்த எதற்கும் இல்லை. பேச்சுக்கு நடுவில் கரண்ட் போய், இருட்டில் நான் நடுவரின் மணியை மைக் என்று நினைத்துப் பிடித்துப் பேசியதற்கு. கிளம்பும்போது கமிட்டிக்காரர்கள் கார் வரைக்கும் வந்து, அடுத்த வருஷத்துக்கும் எங்களையே வரச் சொன்னார்கள். வருகிறோம் என்று சொல்லிவிட்டு வந்தோம்.